பிள்ளைப் பெட்டியில் தெரிந்த மாட்டு வியாபாரியின் இருதயம்

டாக்டர் ரொஸ்மீரா லெங்குவா எங்கள் சான் மெலித்தோன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த அன்று, வாசலில் நின்ற காவல்காரரிடம் ஆரம்பித்த பேச்சை, அவசரப் பிரிவுக்குள் நுழைந்து, உடுப்பு மாற்றி, முதல் நோயாளிக்குத் தையல் போட்டு முடிக்கும்வரை நிறுத்தவில்லை. லெங்குவா என்றால் எங்கள் மொழியில் நாக்கு. சினூ ஆற்றங்கரையில் அந்தக் குடும்பப் பெயர்க்காரர்கள் நிறையப் பேர் உண்டு. பெயரை இவ்வளவு பொறுப்பாகக் காப்பாற்றிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

நான் எதேர் பால்யெஸ்தா. அதே பிரிவில் ஆண் நர்ஸ். மூச்சு பேச்சில்லாமல் யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால் நெஞ்சை அமுக்குவது என் வேலை. அதற்குத் தகுதி என் உடம்பின் கனம்தான். டாக்டருக்கோ கனமும் கிடையாது, உயரமும் கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் எங்களை விரட்டுவார்.

நின்ற இருதயம் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அப்போது எங்களிடம் இருந்தது விரல் மட்டும்தான். கொஞ்ச நேரம் அமுக்குவோம், நிறுத்துவோம், நாடி பார்ப்போம். சொல்வதற்குச் சுலபம். ஒருநாள் மீன் சந்தையில் விழுந்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கழுத்தின் ஒரு பக்கம் டாக்டர், மறு பக்கம் உதவி நர்ஸ் நெர்லீதெஸ், தொடை இடுக்கில் நான்.

"இருக்கு," என்றார் டாக்டர்.

"இங்க ஒண்ணும் இல்ல டாக்டரம்மா," என்றாள் நெர்லீதெஸ்.

"எனக்கு நல்லா ஓடுது. குதிரை மாதிரி ஓடுது," என்றேன் நான்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதேர், நீ இப்பதான் மாடிப்படி ஏறி வந்தியா?"

"ஆமா."

"அப்ப அது உன் நாடி. கையை எடு."

அந்தப் பெரியவர் பிழைக்கவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் நாடி இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை எங்கள் மூவருக்கும் தெரியாது. டாக்டருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு மெதெயின் நகரத்துக்குப் போய் ஒரு பயிற்சியில் சேர்ந்தார். திரும்பி வந்தவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "விரல் பொய் சொல்லும். நெஞ்சுக்குழிக்குக் கீழ ஸ்கேன் வெச்சுப் பார்த்தா இருதயம் ஆடுதா இல்லையான்னு கண்ணாலயே தெரிஞ்சுடும். ஏன் நின்னுச்சுன்னுகூட சில சமயம் தெரியும்."

"ஸ்கேனுக்கு எங்க போறது?" என்றேன்.

மருத்துவமனை முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்கேன் பெட்டிதான் இருந்தது. அதுவும் பிரசவ டாக்டர் அர்குமேதோவின் அறையில், ஜன்னல் கம்பியோடு மோட்டார் சைக்கிள் சங்கிலியால் கட்டிக் கிடந்தது. அதன் நெற்றியில், குழந்தையைத் துணியில் முடிந்து அலகில் தூக்கிப் பறக்கும் கொக்கின் படம் ஒட்டியிருக்கும். ஊரே அதைப் பிள்ளைப் பெட்டி என்றுதான் சொல்லும்.

ரொஸ்மீரா போய்க் கேட்டார். அர்குமேதோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "இது இந்த உலகத்துக்கு வர்றவங்களுக்கான பெட்டிம்மா. போறவங்களுக்கு இல்ல."

"வர்றவங்க நீங்க பார்த்தாலும் வருவாங்க, பார்க்காட்டியும் வருவாங்க டாக்டர். போறவங்களைத்தான் ஒருத்தர் நின்னு பார்க்கணும்."

"என் பெட்டியில ரத்தம் பட்டா?"

"பிரசவத்துல என்ன, பன்னீரா படுது?"

ஒருவழியாக, மதியம் அவர் ஊஞ்சல் படுக்கையில் கண்ணயரும் நேரத்தில் மட்டும் சாவி தருவதாக ஒப்புக்கொண்டார். அந்த நேரங்களில் ரொஸ்மீரா ஸ்கேனை எங்கள்மேல் வைத்துப் பழகினார். காவல்காரர், சமையல்காரி, மருந்து கொடுப்பவர் என்று எல்லோரும் வரிசையாகப் படுத்து எழுந்தோம். ஒவ்வொருவர் இருதயத்தைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. "உன் இருதயம் உன்னை மாதிரியேதான் எதேர். வேலையைச் செய்யுது, ஆனா மனசில்லாம செய்யுது," என்றார் என்னிடம்.

முதல்முறை உண்மையான நோயாளியிடம் அதைப் பயன்படுத்தியபோது மானம் போயிற்று. துணி துவைக்கும்போது விழுந்த ஓர் அம்மாள். "நிறுத்து" என்றார் டாக்டர், நான் கையை எடுத்தேன். டாக்டர் ஸ்கேனின் கைப்பிடியை நெஞ்சில் வைத்துத் தேட ஆரம்பித்தார். "அதோ வலது அறை. இல்ல, இது ஈரல். இரு, இரு, இப்ப வரும். அட, என்ன அழகா..." நான் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அமுக்காத ஒவ்வொரு நொடியும் மூளைக்குப் பட்டினி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

நெர்லீதெஸ்தான் வாயைத் திறந்தாள். "டாக்டரம்மா, நீங்க படம் பார்த்து முடிக்கிறதுக்குள்ள இந்தம்மா செத்துடும்."

டாக்டரின் முகம் சிவந்துபோயிற்று. அந்த அம்மாளைக் காப்பாற்றியது மின்சார அதிர்ச்சி. எங்கள் படத்துக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.

அன்று சாயங்காலமே புது விதி பிறந்தது. நான் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி அதன் இடத்தில் தயாராக இருக்க வேண்டும். நிறுத்துவது பத்தே நொடி. அதற்குள் இருதயத்தின் அசைவைப் பெட்டியில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பத்து ஆனதும், ஏதாவது தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, நான் அமுக்க ஆரம்பித்துவிட வேண்டும். பதிந்த படத்தை அதற்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். உரக்க எண்ணுவதற்கு நெர்லீதெஸை நியமித்தார் டாக்டர். ஊரிலேயே பெரிய குரல் அவளுடையதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடுவது அவள்தான்.

ஒத்திகைக்கு ஓர் அரிசி மூட்டையைக் கட்டிலில் கிடத்தினோம். நான் அமுக்கினேன். டாக்டர் "நிறுத்து" என்றார். நெர்லீதெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்: "நாலு. ஒன்பது. ரெண்டு."

"என்னடி எண்ணறே?"

"மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா. பழக்கதோஷம்."

ஒன்றிலிருந்து பத்துவரை வரிசையாக எண்ண அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. பத்து வந்ததும் "பிங்கோ" என்று கத்துவதை நிறுத்த இன்னொரு வாரம்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் கழித்து, வெயில் மண்டையைப் பிளந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தோன் தெலெஸ்போரோ தோரியா வந்து சேர்ந்தார். எங்கள் வட்டாரத்தில் பெரிய மாட்டு வியாபாரி; மரியாதைக்கு 'தோன்' சேர்க்காமல் யாரும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். கறுப்பு வெள்ளைப் பின்னல் தொப்பி, இடுப்பில் வெட்டுக்கத்தி, காளையே ஒதுங்கி வழிவிடும் குரல். ஒன்பது பிள்ளைகள், ஒன்பதும் ஆண். ஒன்பது பிரசவமும் அர்குமேதோ பார்த்ததுதான். ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனை வாசலில் நின்று வாணம் விட்டவர்.

அவருக்குச் சில வாரங்களாக மூச்சு முட்டியது. மல்லாந்து படுக்க முடியாமல் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். மனைவி கந்தெலாரியா எல்லாப் பழியையும் பாலாடைக்கட்டிமேல் போட்டு, கற்பூரச் சாராயம் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் அவரை மோட்டோ டாக்ஸி என்னும் வாடகை மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவனுக்கும் தனக்கும் நடுவே செருகி, விழாமல் கட்டிப்பிடித்துக் கொண்டுவந்தாள்.

அவர் வாசலில் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு ஒண்ணுமில்ல. இவ தொந்தரவு தாங்காமத்தான் வந்தேன்," என்றார். சொல்லி முடித்ததும் சாய்த்த மரம்போல விழுந்தார்.

உள்ளே தூக்கிப்போட்டோம். மானிட்டரில் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது; ஆனால் அது இருதயத்தின் மின்சாரத்தைத்தான் காட்டும், அசைவை இல்லை. கழுத்தில் நாடி இல்லை. நான் அமுக்க ஆரம்பித்தேன். டாக்டர் சோடாப் பெட்டிமேல் ஏறி, முகமூடி வைத்து மூச்சுக் கொடுக்கவும் மருந்து ஏற்றவும் ஆள் ஏவிவிட்டு, "நெர்லீதெஸ், பெட்டியைக் கொண்டா," என்றார்.

ஆனால் அது அர்குமேதோ தூங்கும் நேரம் இல்லை. அவர் அறையில் ஒரு கர்ப்பிணி வயிற்றில் ஜெல்லோடு படுத்திருந்தாள். அவர் கைப்பிடியை அவள் வயிற்றில் வைத்து, "நல்லா தெரியுது. இது வந்து..." என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் நெர்லீதெஸ் உள்ளே புகுந்து, பூட்டிலேயே தொங்கிய சாவியால் சங்கிலியைக் கழற்றி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் கைப்பிடியை விடவில்லை. அவள் பெட்டியை விடவில்லை. நடுவில் ஒயர். சந்தைக்கு ஓட்டிப்போகும் கன்றுக்குட்டிபோல அந்த ஒயரின் முனையில் டாக்டர் அர்குமேதோ தாழ்வாரம் முழுக்க இழுபட்டு வந்தார். அவருக்குப் பின்னால், சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அந்தக் கர்ப்பிணிப் பெண்.

தாழ்வாரத்தில் முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த கந்தெலாரியா தலை நிமிர்ந்தாள். கொக்குப் படம் போட்ட பிள்ளைப் பெட்டி, அதன் பின்னால் பிரசவ டாக்டர், அவர் பின்னால் ஒரு வயிற்றுக்காரி, எல்லோரும் தன் புருஷன் படுத்திருக்கும் அறைக்குள் ஓடுகிறார்கள்.

"அவருக்கு என்னப்பா ஆச்சு?" என்று மோட்டோக்காரனைக் கேட்டாள்.

அவன் பார்த்ததைச் சொன்னான். "பார்த்தா பிரசவம் மாதிரிதான் இருக்கும்மா."

உள்ளே அர்குமேதோ மூச்சு வாங்க நின்றார். "இது அராஜகம். நான் மேலிடத்துக்குப் புகார்..."

"புகாரை அப்புறம் எழுதுங்க டாக்டர். இப்ப கைப்பிடியைக் குடுங்க," என்றார் ரொஸ்மீரா.

கொடுத்துவிட்டார். நான் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே அது நெஞ்சுக்குழிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. "நிறுத்து." நெர்லீதெஸின் குரல் கூரையைத் தொட்டது: ஒன்று, இரண்டு, மூன்று. பத்தில் நான் மறுபடி ஆரம்பித்தேன். டாக்டர் பதிந்த படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். பேசவில்லை. அவர் பேசாததைக் கண்டு எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

திரையில் கறுப்பாகக் குளம்போல் ஏதோ நிறைந்து கிடந்தது. அதன் நடுவில் கோழி ஈரல் அளவுக்கு ஒடுங்கிப்போன இருதயம், விரிய இடமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"நிக்கல," என்றார் டாக்டர் மெதுவாக. "இருதயம் நிக்கல. சுத்தியிருக்கிற பையில தண்ணி நிறைஞ்சு அதை நெரிக்குது. ஊசி போட்டு எடுக்கணும்." அர்குமேதோவைத் திரும்பிப் பார்த்தார். "நான் பொம்மையிலதான் போட்டுப் பழகியிருக்கேன்."

அர்குமேதோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரைக்கு அருகில் குனிந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "பிள்ளைமேல படாம வயித்துல ஊசி விட்டுத் தண்ணி எடுக்கிறது எனக்கு இருபது வருஷப் பழக்கம். பிள்ளையைவிடவா இது உதைச்சிடப்போகுது? நீ படத்தைக் காட்டும்மா. நான் ஊசியை விடறேன்."

அப்படியே செய்தார்கள். நெர்லீதெஸ் எண்ண, நான் அமுக்குவதும் நிறுத்துவதுமாக இருக்க, ரொஸ்மீரா திரையில் வழி காட்ட, நீண்ட ஊசி கறுப்புக் குளத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடாக இறங்கியது. வெல்லம் கரைத்த மாதிரி செம்பழுப்புத் தண்ணீர் வந்தது. ஒரு சிரிஞ்ச் நிறைந்தது, இன்னொன்று, மறுபடி ஒன்று. திரையில், மடக்கிய கை விரிவதுபோல அந்த இருதயம் விரிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நான் கழுத்தில் விரல் வைத்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உன்னுதா?"

"இல்ல டாக்டரம்மா. இது அவருதுதான்."

கொஞ்ச நேரத்தில் தோன் தெலெஸ்போரோ முனகினார். கண்ணைத் திறந்தார். அவர் கண்ணுக்கு நேரே, கையுறை போட்டுக்கொண்டு, வியர்வை வழியக் குனிந்து நின்றது டாக்டர் அர்குமேதோ. வாழ்க்கையில் ஒன்பது முறை அந்த முகத்தை அந்தக் கோலத்தில் பார்த்திருந்த மனிதர், ஒன்பது முறையும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்:

"டாக்டர்... ஆணா, பொண்ணா?"

திரைச்சீலைப் பக்கம் நின்றிருந்த கர்ப்பிணிப் பெண், அவளை நாங்கள் எல்லோரும் மறந்தே போயிருந்தோம், "அதைக் கேட்கத்தான் டாக்டர் நானும் இவ்வளவு நேரமா நிக்கறேன்," என்றாள்.

அர்குமேதோ அவள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "பொண்ணு."

கதவுக்கு வெளியே காதை வைத்திருந்த கந்தெலாரியாவுக்குக் கேட்டது இந்த ஒரு சொல் மட்டும்தான். சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே, கடைசியில ஒரு பொண்ணு," என்று சொன்னபடி மோட்டோக்காரன்மேல் சாய்ந்தாள். அழுது அழுது புத்தி கலங்கிய நேரம் அது என்று பின்னாளில் சாதித்தாள். ஆனால் மோட்டோக்காரனுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கச் சேதி போய்விட்டது.

அன்றே அவரை ஆம்புலன்ஸில் மொந்தேரியா நகரத்துக்கு அனுப்பினோம். இருதயப் பையில் காசநோய் என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கித் தேறி, பழைய குரலோடு ஊர் திரும்பினார். வீட்டு வாசல் கதவில் யாரோ கைக்குழந்தைக்குப் போடும் இரண்டு சின்னக் கம்பளிக் காலுறைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாட்டுச் சந்தையில் அவர் தலை தெரிந்ததும் ஒருவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க தோன். உங்க நிலைமையில நிக்கக் கூடாது." எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அது கல்லறைவரை கூட வரும். தோன் தெலெஸ்போரோ தோரியா அன்றிலிருந்து பிள்ளைத்தாச்சி ஆனார்.

ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம் வெட்டுக்கத்தி குலுங்க அவசரப் பிரிவுக்குள் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு சான்றிதழ் வேணும்."

"என்ன சான்றிதழ்?"

"நான் ஆம்பளைன்னு. உங்க கையெழுத்தும் அர்குமேதோ கையெழுத்தும் போட்டு."

"நாங்க பார்த்தது உங்க இருதயத்தைத்தான் தோன். அதுல ஆம்பளை பொம்பளை தெரியாதே."

"அப்ப நான் எப்படி ஊர்ல நடமாடுறது?"

"நடமாடுறீங்கல்ல. அதுவே பெரிய விஷயம். சரி, சட்டையைக் கழட்டுங்க, தண்ணி மறுபடி சேர்ந்திருக்கான்னு பார்ப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தார். சுற்றிலும் கறுப்பு எதுவும் இல்லை. இருதயம் அகலமாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அவர் முணுமுணுப்பு நின்றது.

"இது எப்பவும் இப்படி ஓடிட்டே இருக்குமா?"

"எப்பவும்தான். நீங்க தூங்கும்போதும்."

"யாரும் அதட்டாமலேயா?"

"யாரும் அதட்டாமலே."

தான் அதட்டாவிட்டால் புல்கூட முளைக்காது என்று நம்பி வாழ்ந்தவர் அவர். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டவர் சான்றிதழ் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பதில் அடுத்த வியாழக்கிழமை வந்தார், அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தார். கிராமங்களிலிருந்து பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்குப் படுத்துக் காட்டும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். "அது ஈரல்டா மடையா, கொஞ்சம் மேல போ," என்று கட்டிலிலிருந்தே கத்துவார். அவர் கத்தலுக்குப் பயந்தே அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

எல்லா நாளும் இப்படி முடிந்ததில்லை. ஆற்றில் கயிறு பிடித்து மிதவையை இழுத்து, எங்கள் எல்லோரையும் அக்கரை சேர்த்தவர் அர்செசியோ. ஒருநாள் கயிற்றைப் பிடித்தபடியே விழுந்தார். என் கை மரத்துப்போகும்வரை அமுக்கினேன். நெர்லீதெஸ் குரலைத் தாழ்த்தி எண்ணினாள். மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் இருதயம் அசையாமல் இருந்தது. உள்ளே ரத்தம் ஓடாமல் புகைமாதிரி தேங்கி நின்றது. ரொஸ்மீரா சோடாப் பெட்டியிலிருந்து இறங்கி, தாழ்வாரத்தில் இருந்த அவர் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் என் கண்ணால பார்த்தேம்மா. நின்னு போச்சு. இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமோன்னு நீ நினைக்க வேண்டாம்."

அந்த ஒரு வார்த்தையால்தான் தன்னால் தூங்க முடிந்தது என்று அந்தப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

மொந்தேரியாவில் இருந்த பெரிய மருத்துவமனை ஒன்று ரொஸ்மீராவைச் சொல்லிக்கொடுக்க வரும்படி அழைத்தது. நாங்கள் பன்றிக்கறி வறுத்து, பேச்சுகள் பேசி, அழுது வழியனுப்பினோம். அர்குமேதோகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் டாக்டர் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து நின்றார்.

"என்ன ஆச்சு டாக்டரம்மா? சம்பளம் சரியில்லையா?" என்றேன்.

"சம்பளத்துக்கு என்ன குறை. நான் என்ன சொன்னாலும் அங்க எல்லாரும் தலையாட்டறாங்க எதேர். ஒருத்தன் எதிர்த்துப் பேசமாட்டேங்கறான். தப்பா சொன்னாக்கூட எழுதிக்கறாங்க. ஒருநாள் வேணும்னே ஈரலைக் காட்டி இருதயம்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க."

அவர் கையில் ஒரு சின்னக் கருவி இருந்தது. கைபேசியில் செருகினால் அதன் திரையிலேயே இருதயம் தெரியும். சட்டைப் பையில் அடங்கிவிடும். அர்குமேதோ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைச் சங்கிலி போட்டுக் கட்ட முடியாதே," என்றார்.

"அதுக்காகத்தான் டாக்டர் வாங்கினேன்," என்று சொல்லிவிட்டு ரொஸ்மீரா பேச ஆரம்பித்தார். மொந்தேரியாவின் வெயில், அங்கே போடும் காபி, அங்கத்திய டாக்டர்களின் காலணி என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.